இரண்டு பேர், ஒரு மோட்டார்ஹோம், மூன்று நாள் கணக்கு

பணி ஓய்வுக்குப் பிறகு, படுக்கையும் சமையலும் கழிப்பறையும் உள்ளேயே இருக்கும் மோட்டார்ஹோம் வண்டியில் சிற்றூர் சிற்றூராகச் சுற்றிவரக் கிளம்பும் தம்பதிகள் முதலில் விரிப்பது வரைபடத்தைத்தான். அதைக் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள். தண்ணீர் எத்தனை நாள் வரும், கழிப்பறைப் பெட்டி எப்போது நிரம்பும், பேட்டரி எப்போது படுத்துவிடும் என்ற மூன்று கேள்விகள்தான் இந்தப் பயணத்தின் வேகத்தை முடிவு செய்யும். இப்படிப்பட்ட வண்டிகள் தங்குவதற்கென்றே உள்ள பெரிய முகாம்களில் இவை உறைக்காது. குழாயும் மின்சாரமும் கழிவு கொட்டும் இடமும் அங்கே காலடியிலேயே இருக்கும். சிற்றூரில் இருப்பது ஒரு சந்தைத் திடல், ஓரமாக நிறுத்த இடம், அவ்வளவுதான்.

சிக்கனமாகப் புழங்கும் இருவருக்கு, பாத்திரம் கழுவி, ஆளுக்கொரு அவசரக் குளியலும் போட்டால், ஒரு நாளைக்கு 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் போகும். பல வண்டிகளில் நல்ல தண்ணீர்த் தொட்டி 100 முதல் 120 லிட்டர். கழற்றி எடுக்கும் கழிப்பறைப் பெட்டி 17 முதல் 20 லிட்டர். இருவருக்கு இரண்டு நாள், இழுத்துப் பிடித்தால் மூன்று. ஆக எந்தப் பக்கம் கூட்டினாலும் மூன்று நாளில் வந்து முட்டும். இரண்டு இரவு வசதியில்லாத ஊர்களில் தங்கினால், மூன்றாவது இரவு எல்லா வசதியும் உள்ள முகாமில் கழிய வேண்டும். அந்த முகாம்களை முதலில் வரைபடத்தில் குறியுங்கள். இடையில் வரும் ஊர்களை அப்புறம் ஆசைப்படி கோத்துக்கொள்ளலாம். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நான்காம் நாள் நிரம்பிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடம் தேடி அலையும்போதுதான் தவறு தெரியும்.

எடை

வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும், வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். மொத்தம் எவ்வளவு, முன் அச்சில் எவ்வளவு, பின் அச்சில் எவ்வளவு என்று மூன்று அளவுகள் தனித்தனியே இருக்கும். மொத்த எடை அளவுக்குள் இருந்தும் பின் அச்சு மட்டும் மீறியிருப்பது மோட்டார்ஹோம்களில் சகஜம். காரணம் பின் சக்கரத்துக்குப் பின்னால் நீளும் வால். நெம்புகோல் மாதிரி அது வேலை செய்யும். இரண்டு அச்சுகளுக்கும் இடையே 4 மீட்டர் என்று வையுங்கள். பின் அச்சிலிருந்து 2 மீட்டர் தள்ளி, பின்புறத் தாங்கியில் இரண்டு மின்சார சைக்கிள்களை மாட்டினால் தாங்கியோடு சேர்த்து 70 கிலோ. ஆனால் பின் அச்சில் ஏறும் சுமை 105 கிலோ. முன் அச்சிலிருந்து 35 கிலோ குறைந்துவிடும். முன் சக்கரத்தால் ஓடும் வண்டி என்றால் ஈரமான மேட்டில் சக்கரம் வெறுமனே சுழல்வதற்கு இதுவே போதும்.

அதனால் தண்ணீர், எரிபொருள், துணிமணி, பாத்திரம் எல்லாம் ஏற்றி, இருவரும் உட்கார்ந்து, எடைமேடைக்குப் போங்கள். முதலில் முழு வண்டி, பிறகு முன் அச்சு மட்டும், பிறகு பின் அச்சு மட்டும். கூடுதலாக இருந்தால் குறைக்க எளிதான பொருள் தண்ணீர்தான். லிட்டருக்கு ஒரு கிலோ. நெடுந்தூரம் ஓடும் நாளில் 20 லிட்டரோடு ஓட்டி, தங்கும் ஊருக்கு அருகில் நிரப்புங்கள். கழிவுநீரைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போவதில் எந்தப் புண்ணியமும் இல்லை. மடக்கு நாற்காலி, கருவிப் பெட்டி, டப்பாக்கள் போன்ற கனமான சாமான்களை இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, தரைமட்டத்தில் வையுங்கள். மேல் அலமாரியில் துணி, ரொட்டி, காகிதம் மட்டும்.

டயரைப் பொறுத்தவரை, மோட்டார்ஹோம் டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதே அதிகம். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் பாரத்தோடு நின்று பக்கச்சுவரில் வெடிப்பு விழும். பக்கவாட்டில் நான்கு இலக்கத்தில் தயாரித்த தேதி இருக்கும்; 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஐந்தாறு வருடம் தாண்டிய டயரை ஆண்டுக்கொரு முறை தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து வருடமான டயரில் பள்ளம் புதிதுபோல இருந்தாலும் கழற்றிவிடுங்கள். காற்றழுத்தத்தைக் காலையில், ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறித்தான் இருக்கும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் குறைந்த காற்றில் ஓடுவீர்கள். பல மோட்டார்ஹோம்களில் 5.5 பார், அதாவது 80 பிஎஸ்ஐ வரை அடிக்கிறார்கள். சாதாரண ரப்பர் வால்வு 4.5 பார் வரைக்கும்தான். உலோக வால்வு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா என்பதையும் இப்போதே குனிந்து பாருங்கள். நிறைய வண்டிகளில் பஞ்சர் ஒட்டும் பசை டப்பா மட்டும்தான் கொடுக்கிறார்கள். பக்கச்சுவர் கிழிந்தால் அது எதற்கும் உதவாது.

தண்ணீரும் கழிவும்

பயணத்துக்கு முன் நல்ல தண்ணீர்த் தொட்டியைக் கிருமி நீக்கம் செய்ய வேண்டும். வாசனை சேர்க்காத, 5 சதவீத வீட்டு பிளீச் 100 மில்லி, 100 லிட்டர் தொட்டிக்குச் சரியான அளவு. நேரடியாக ஊற்றாமல் ஒரு வாளித் தண்ணீரில் கலந்து ஊற்றி, தொட்டியை நிரப்புங்கள். வடிகட்டி இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். ஒவ்வொரு குழாயையும், சூடு பக்கம் குளிர் பக்கம் இரண்டையும், பிளீச் வாசனை வரும்வரை திறந்து மூடுங்கள். குளியல் குழாயை மறந்துவிடுவார்கள். அதுதான் நாள்கணக்கில் தண்ணீர் தேங்கும் இடம். நான்கு மணி நேரமாவது, முடிந்தால் இரவு முழுக்க, அப்படியே விட்டு வடித்து, வாசனை போகும்வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள்.

தண்ணீர் பிடிக்கும் குழாயும் கழிவுப் பெட்டியை அலசும் குழாயும் வேறு வேறாக, வேறு நிறத்தில், வேறு பெட்டியில் இருக்க வேண்டும். பொதுக் குழாயில் உங்களுக்கு முன் வந்தவர் கழிவுப் பெட்டியை அந்த வாயிலேயே வைத்து அலசியிருக்கலாம். முதலில் குழாயின் வாயை பிளீச் துணியால் துடைத்து, அரை நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடியுங்கள்.

குளிர்ப் பகுதிகளில் ஒரு வேடிக்கை உண்டு. சில வெந்நீர்க் கொதிகலன்களில் உறைவுப் பாதுகாப்பு வால்வு இருக்கும். வெப்பம் சுமார் 3, 4 டிகிரிக்கு இறங்கினால் அது தானாகத் திறந்து தண்ணீரையெல்லாம் தரையில் கொட்டிவிடும். காலையில் தொட்டி காலி என்றதும் ஓட்டை தேடி வண்டிக்கடியில் படுக்காதீர்கள். உள்ளே சூடேற்றி வால்வை மூடினால் சரியாகிவிடும்.

கழிப்பறைப் பெட்டியில் ஃபார்மால்டிஹைடு உள்ள ரசாயனம் வேண்டாம். சிற்றூர் முகாம்களில் கழிவு பெரும்பாலும் செப்டிக் டேங்கில்தான் போய்ச் சேரும். அங்குள்ள பாக்டீரியாவை அது கொன்றுவிடும். இதனாலேயே சில இடங்களில் கொட்ட விடுவதில்லை. வண்டிக்கடியில் நிரந்தரக் கழிவுத் தொட்டி உள்ள பெரிய வண்டிகளுக்கு இன்னொரு விதி: முகாமில் குழாய் இணைத்திருந்தாலும் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். நீர் உடனுக்குடன் ஓடிவிட, திடக்கழிவு கூம்பாகக் குவிந்து காய்ந்து இறுகிவிடும். முக்கால் பங்கு நிரம்பியதும் ஒரே மூச்சில் திறங்கள். முதலில் கழிப்பறைத் தொட்டி, அடுத்து குளியல், சமையல் நீர்த் தொட்டி. பின்னது குழாயையும் கழுவிவிடும்.

பேட்டரி, மின்சாரம், வாயு

ஈய அமில பேட்டரியில் எழுதியிருக்கும் ஆம்பியர்-மணி கொள்ளளவில் பாதியைத்தான் எடுக்கலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் 80, 90 சதவீதம். ஓய்வில் இருக்கும் ஈய பேட்டரி 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி. அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் போகும். லித்தியத்தை 0 டிகிரிக்குக் கீழ் சார்ஜ் செய்யக் கூடாது. கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 30 முதல் 45 ஆம்பியர்-மணி சாப்பிடும். விளக்கு, பம்ப், கைப்பேசிக்கு 10, 15 சேர்த்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்தில் மூச்சு நிற்பதற்காக, முகமூடி வழியே காற்றை அழுத்திச் செலுத்தும் சிபாப் (CPAP) கருவி வைத்திருப்பவர்கள் இங்கே தனியாகக் கணக்குப் போட வேண்டும். ஈரப்பதமூட்டியோடு ஓட்டினால் செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். அதை அணைத்துவிட்டு, இன்வெர்ட்டர் வழியாக அல்லாமல் கருவிக்கென்றே விற்கும் 12 அல்லது 24 வோல்ட் மாற்றியில் இணையுங்கள். இன்வெர்ட்டர் தன் பங்குக்கும் கொஞ்சம் தின்னும். வீட்டிலேயே ஓர் இரவு பேட்டரியில் ஓட்டி, காலையில் எவ்வளவு குறைந்தது என்று அளந்துவிட்டுக் கிளம்புங்கள்.

முகாமில் மின் இணைப்பு கிடைத்தாலும் அளவு கேளுங்கள். 230 வோல்ட் நாடுகளில், கிராமப்புற முகாம்களில் 6 ஆம்பியர்தான் இருக்கும் என்றால் மொத்தம் 1,380 வாட். வீட்டு மின்கெட்டில் ஒன்றே 2,000 வாட், போட்டதும் சுவிட்ச் விழுந்து மின்சாரம் நின்றுவிடும். 700 முதல் 1,000 வாட் பயணக் கெட்டில் வாங்குங்கள், அல்லது அடுப்பில் வையுங்கள். மின்கம்பிச் சுருளை முழுக்க அவிழ்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். சுற்றியபடியே சூடாக்கியோடு இணைத்தால் சுருள் உருகும்.

சிலிண்டரில் வரும் வாயுவில் பியூட்டேன் சுமார் 0 டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரோபேன் மைனஸ் 42 வரை தாங்கும். குளிர் இரவுகள் வரும் என்றால் புரோபேன்தான். சமையலுக்கு மட்டும் என்றால் ஒரு சிலிண்டர் வாரக்கணக்கில் வரும். சூடாக்கியை ஓடவிட்டால் கடுங்குளிரில் ஒரு நாளைக்கு 2 கிலோவுக்கு மேல்கூடப் போகும். வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அதற்காகத்தான் சிலிண்டர் பெட்டியின் அடியில் துளை வைத்திருக்கிறார்கள். காற்று வருகிறது, பூச்சி வருகிறது என்று அதை அடைக்கக் கூடாது. வாயு எச்சரிக்கைக் கருவி தரைக்கு அருகிலும், கார்பன் மோனாக்சைடு கருவி படுக்கும் உயரத்திலும் இருக்கட்டும். இரண்டிலும் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். தலைவலி, குமட்டல், அசதி ஆகியவை மோனாக்சைடு நஞ்சின் முதல் அறிகுறிகள். வயதானவர்கள் இதைப் பயணக் களைப்பு என்று படுத்துவிடுவதுதான் ஆபத்து. இருவருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் உடனே கதவைத் திறந்து வெளியேறுங்கள்.

ஊருக்குள் நுழைவது

உயரம், அகலம், நீளம், எடை நான்கையும் ஓட்டுநர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். உயரத்தைக் கையேட்டிலிருந்து எடுக்காமல், கூரைமேல் இருக்கும் ஏசி, சோலார், ஆன்டெனாவோடு சேர்த்து நீங்களே அளங்கள். கார்களுக்கான வழிகாட்டிச் செயலி உங்களைப் பழைய வளைவு வாசல்களுக்கும், 3 டன் தாங்கும் மரப் பாலங்களுக்கும் தயங்காமல் அனுப்பும். வண்டியின் அளவை உள்ளிடக்கூடிய செயலியைப் பயன்படுத்துங்கள். அதையும் முழுக்க நம்பாமல், ஊரின் கடைசி 2 கிலோமீட்டரைச் செயற்கைக்கோள் படத்தில் முந்தின நாளே பாருங்கள். படங்களை இணைப்பில்லாமல் திறக்கும்படி இறக்கிவையுங்கள்.

பழைய ஊர்களில் நடுத்தெரு நோக்கிப் போகப் போகக் குறுகும். எல்லையிலேயே, மைதானம், நீச்சல் குளம், ரயில் நிலையம் போன்றவற்றின் ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து போங்கள். சந்தைத் திடலில் காலியாக இருக்கிறதே என்று மாலையில் நிறுத்துவோர், வாரச் சந்தை எந்த நாள் என்ற பலகையைப் படிக்க மறந்துவிடுகிறார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கதவு தட்டப்படும். அல்லது தட்டாமலேயே நான்கு பக்கமும் கடை எழும்பிவிடும். இரவு தங்க அனுமதி உண்டா என்பதை ஊராட்சி அலுவலகத்திலோ எதிரில் உள்ள கடையிலோ கேளுங்கள். கேட்டவரை யாரும் நள்ளிரவில் எழுப்பிக் கிளப்புவதில்லை. நாற்காலி, மேசை, பந்தல் விரிக்காதவரை அது வண்டி நிறுத்தம், விரித்துவிட்டால் முகாம். பல ஊர்களின் சட்டம் இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது.

ஒரு நாளைக்கு 200, 250 கிலோமீட்டர் போதும். பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குள் சேர்ந்துவிடுங்கள். நிறுத்தும் இடம் சரியில்லை என்றால் அடுத்த ஊருக்குப் போக வெளிச்சம் மிச்சமிருக்கும். எரிபொருள் பாதிக்கு வந்ததும் நிரப்புங்கள். சிற்றூர் நிலையங்கள் மாலையிலும் விடுமுறை நாளிலும் மூடியிருக்கும். சிலவற்றின் கூரை உங்கள் உயரத்துக்கு இடம் தராது.

நெருக்கமான திருப்பத்தில் முன்பக்கம் ஒரு பக்கம் திரும்ப, வால் எதிர்ப்பக்கம் வீசும். எவ்வளவு வீசும் என்பதைக் காலி மைதானத்தில் அளந்துவிடலாம். பின் மூலைக்குப் பக்கத்தில் வரிசையாக வெற்றுப் பிளாஸ்டிக் குப்பிகளை வைத்து, திசைமாற்றியை முழுவதும் ஒடித்து மெதுவாக நகர்த்துங்கள். இறங்கி நிற்பவர், எந்தக் குப்பி சாய்ந்தது என்று பார்த்து அடியால் அளக்கட்டும். சுவரோரமாக நிறுத்தியதிலிருந்து கிளம்பும்போது விடவேண்டிய இடைவெளி அதுதான்.

ரிவர்ஸ் எடுக்கும்போது வழிகாட்டுபவர் ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். அவர் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் வண்டி நிற்க வேண்டும், விதிவிலக்கே இல்லை. "வா வா, இன்னும் வா" என்ற கூச்சல் கண்ணாடி மூடிய வண்டிக்குள் கேட்காது. முப்பது வருடத் தாம்பத்தியம் ஐந்து நிமிட ரிவர்ஸில் ஆட்டம் காண்பதைப் பார்க்க விரும்பினால் எந்த முகாமின் வாசலிலும் மாலை நேரத்தில் நிற்கலாம். வா, நில், இடம், வலம் என்று நான்கே கைசாடைகளை முன்கூட்டிப் பேசிவைத்து, வேறெதையும் காட்டாதீர்கள்.

நிறுத்தியதும் மட்டம் பாருங்கள். தரையில் ஒரு சிறு ரசமட்டம் போதும். முதலில் சக்கரத்துக்கடியில் சாய்வுக் கட்டையை வைத்து ஏற்றி, ஹேண்ட்பிரேக் போட்டு, மறுபக்கம் முட்டுக்கட்டை கொடுத்து, கடைசியாகத்தான் மூலை ஜாக்கிகளை இறக்க வேண்டும். அவை ஆட்டத்தைக் குறைக்க மட்டுமே. வண்டியைத் தூக்க அல்ல. வாயுவில் ஓடும் உறிஞ்சு வகை ஃபிரிட்ஜ் சாய்ந்த நிலையில் மணிக்கணக்கில் ஓடினால் குளிரூட்டும் பகுதியே நிரந்தரமாகக் கெட்டுவிடும். எனவே மட்டம் பார்ப்பது தூக்கத்துக்காக மட்டுமல்ல.

ஈரப் புல்வெளியில் நிறுத்த நேர்ந்தால், என்ஜின் சுழற்றும் சக்கரங்கள் கெட்டித் தரையில் இருக்கும்படியும், வெளியேறும் திசை இறக்கமாக இருக்கும்படியும் நிறுத்துங்கள். மாட்டிக்கொண்டால் வேகத்தைக் கூட்டாதீர்கள். ஒவ்வொரு சுற்றும் குழியை ஆழமாக்கும். சக்கரத்தின் முன் கால்மிதியை அடி மூடும் அளவு செருகி, இரண்டாவது கியரில், கிளட்சை மெல்ல விட்டு நகர்த்துங்கள். மிதிக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, அது கல்லாகப் பறக்கும்.

மாத்திரையும் முழங்காலும்

இரண்டு வாரத்துக்குக் கூடுதலான மாத்திரையோடு கிளம்புங்கள். மருந்துச்சீட்டில் நிறுவனப் பெயரை எழுதாமல் மருந்தின் மூலப் பெயரும் அளவும் எழுதி வாங்குங்கள். வேறு பகுதியில் அந்த நிறுவனப் பெயரை யாரும் அறியாமலிருக்கலாம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜின் பின்சுவர், குளிர்த் தகடு அருகே வைத்தால் உறைந்துவிடும். உறைந்த இன்சுலினை எடுத்தெறிய வேண்டும், உருக்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. நடுத்தட்டில் ஒரு சிறு வெப்பமானியோடு வையுங்கள். திறந்தது, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்குக் கீழே சுமார் 28 நாள் தாங்கும். ஆனால் வெயிலில் பூட்டிய வண்டியில் அந்த 30 டிகிரி அரைமணியில் தாண்டிவிடும்.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது ஓட்டுநர் தலைக்கு மேலுள்ள படுக்கையைத் தவிருங்கள். இரவில் இரண்டு தடவை எழுபவருக்கு ஏணி ஆகாது. படுக்கையின் இரு பக்கமும் இறங்க முடியுமா, வாசல் படி எவ்வளவு உயரம், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உண்டா என்று பாருங்கள். படிக்கு முன் வைக்க வழுக்காத தனிப் படி ஒன்று வேண்டும். வண்டி ஓட்டம், சிலிண்டர் மூடல், கழிவுப் பெட்டி, மின் இணைப்பு நான்கும் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் மற்றவர் வண்டியை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் அல்லவா.

கிளம்பும் காலையில் ஒருவர் மட்டும் வெளியே சுற்றிப் பார்க்கட்டும்: மின்கம்பி கழன்றதா, படி மடங்கியதா, கூரை ஜன்னல் மூடியதா, சிலிண்டர் அடைத்ததா, ஜாக்கி ஏறியதா, முட்டுக்கட்டை எடுத்ததா. இன்னொருவர் உள்ளே அலமாரி, ஃபிரிட்ஜ் கதவு தாழ்ப்பாளைப் பார்க்கட்டும். பிறகு இருவரும் இடம் மாறி ஒருமுறை பாருங்கள். பாதியில் பக்கத்து வண்டிக்காரர் வந்து பேச்சுக் கொடுத்தால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.